பழத்துக்கு நெருப்பு, தேனுக்கு ஆவி

ஆவுடையார்கோவில் ஆத்மநாதருக்கு உருவம் கிடையாது. கருவறையில் ஆவுடை மட்டும்தான் இருக்கிறது, மேலே லிங்கம் இல்லை. எதிரே நந்தியும் இல்லை, கொடிமரமும் இல்லை. பாண்டியனுக்குக் குதிரை வாங்க வந்த மாணிக்கவாசகர் குருந்த மரத்தடியில் குருவைக் கண்ட திருப்பெருந்துறை இந்த ஊர்தான். இங்கே பூசை வேளையில் புழுங்கலரிசிச் சோற்றை வடித்து, சுடச்சுடக் கொண்டுவந்து சன்னிதிக்கு எதிரே உள்ள கல்மேடையில் பரப்புவார்கள். கீரையும் பாகற்காயும் உடன் வரும். சோற்றிலிருந்து எழும்புகிற ஆவிதான் சாமிக்கு நிவேதனம்.

உணவில் ஆவிக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த ஊரிலிருந்துதான் இன்றைய சமையலைத் தொடங்கத் தோன்றியது. சமையல் மிகச் சின்னது: பச்சை அத்திப்பழத்தை வாட்டி, தேன் ஊற்றிச் சாப்பிடுவது. விருந்துக்கு முன்னால் தரலாம், சாப்பாட்டுக்குப் பின் இனிப்பாகவும் தரலாம். மேல்நாட்டுச் செய்முறைகளில் பழத்தையும் தேனையும் சேர்த்தே சூட்டடுப்பில் (ஓவனில்) வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் எனக்கு மறுப்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பழத்தைப் பார்ப்போம்.

அத்தி என்றதும் நம் பக்கத்துக்காரர்களுக்கு நினைவு வருவது குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் நிற்கிற நாட்டு அத்திதான். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். பிஞ்சைக் கூட்டு வைப்பார்கள், காயை வற்றல் போடுவார்கள். காஞ்சிபுரத்து அத்தி வரதர் அத்தி மரத்தில் வடித்த திருமேனி. 40 ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளும் அவரை 2019 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 48 நாள் ஊரே திரண்டு தரிசித்தது. ஆனால் நாட்டு அத்திப் பழத்தைப் பிட்டால் உள்ளே சின்னச் சின்னப் பூச்சிகள் இருக்கும். அத்திக்குப் பூ வெளியே பூப்பதில்லை. பழம் என்று நாம் நினைக்கிற பையின் உட்சுவரில்தான் அத்தனை பூவும். அந்தப் பூக்களுக்கு மகரந்தம் சுமந்து வரும் குளவி மிகச் சிறியது. உள்ளே நுழைந்து, முட்டையிட்டு, பெரும்பாலும் அங்கேயே முடிந்துபோகும். ஆகவே இந்தச் சமையலுக்கு நாட்டு அத்தி உதவாது.

கடையில் பெட்டியில் அடுக்கி வருவது சீமை அத்தி. புனே பக்கத்துப் புரந்தர் வட்டாரத்து அத்திக்கு 2016இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கர்நாடகத்தில் பல்லாரிப் பக்கமும் விளைகிறது. புனே அத்தி மகரந்தம் சேராமலேயே பழுக்கும் ரகம், குளவிக்கு அதில் வேலையில்லை. “அத்திப்பழம் சைவமா?” என்று தயங்குகிறவர்கள் இதைத் தயங்காமல் சாப்பிடலாம். இந்தப் பழத்தின் வயதும் கொஞ்சமல்ல. யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில் கிடைத்த கருகிய அத்திப்பழங்கள் ஏறத்தாழ 11,400 ஆண்டுகளுக்கு முந்தியவை என்றும், விதையில்லாத ரகமாக இருப்பதால் மனிதர் கிளை வெட்டி நட்டு வளர்த்தவையாக இருக்க வேண்டும் என்றும் 2006இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்கள் கணக்குப்படி கோதுமை, பார்லி விதைக்கத் தொடங்குவதற்கும் முன்னால் அது.

நம்மில் பலருக்குப் பழக்கம் கயிற்றில் மாலையாகக் கோத்த உலர்ந்த அத்திதான். பச்சைப் பழத்தை ஆசையாய் வாங்கி வந்து கடித்தவர்கள் “சப்பென்று இருக்கிறதே” என்று ஒதுக்கிவிடுவதைக் கேட்டிருக்கிறேன். பழத்தின் மேல் குற்றமில்லை. முழுக்கப் பழுத்த அத்தி இரண்டு மூன்று நாள்கூடத் தாங்காது. அதனால் வெகுதூரம் போக வேண்டிய பழத்தைச் சற்று முன்னதாகவே பறித்துவிடுகிறார்கள். பறித்த பிறகு வீட்டில் வைத்திருந்தால் அது மெத்தென்று ஆகுமே தவிர, மரத்தில் ஏறியிருக்க வேண்டிய இனிப்பு ஏறாது. அந்தக் குறையை நெருப்பு தீர்க்கும். பச்சை அத்தியில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். சூடு பட்டதும் தண்ணீரில் ஒரு பங்கு ஆவியாகிப் போக, இருக்கிற சர்க்கரை செறிவாகிறது. வெட்டின முகம் சிவந்து, கருப்பட்டிப் பாகு காய்ச்சும்போது வருகிற மாதிரி ஒரு மணம் எழும்பும்.

செய்முறையைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு எட்டுப் பழம் போதும். தொட்டால் அமுங்குகிற, வெடிக்காத பழமாகப் பாருங்கள். புளிப்பு வாடை அடித்தால் வேண்டாம். கழுவி, ஈரம் போகத் துடைத்து, காம்பை நறுக்குங்கள். காம்பில் வெள்ளைப் பால் கசிந்தால் கையில் படாமல் துடைத்துவிடுங்கள், சிலருக்கு அது அரிக்கும். பழத்தை நெடுக்காக இரண்டாய் வெட்டுங்கள். கனமான இரும்புத் தோசைக்கல்லை மெல்லிய தீயில் காய வைத்து, ஒரு தேக்கரண்டி நெய்யைத் தடவி, வெட்டின பக்கம் கீழே இருக்கும்படி பழங்களை அடுக்குங்கள். மூன்று, நான்கு நிமிடம் அசைக்காமல் விடுங்கள். கிளறினால் குழைந்துவிடும். ஓரம் சிவந்ததும் தோசைத் திருப்பியால் புரட்டி, தோல் பக்கம் இரண்டு நிமிடம் வாட்டினால் போதும். சூட்டடுப்பு உள்ளவர்கள் 200 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைக்கலாம். எனக்குத் தோசைக்கல்தான் பிடித்தது. பழம் எப்போது சிவக்கிறது என்று கண்ணெதிரே தெரியும்.

இனி தேன். தேனைச் சுட வைக்காதே என்பது நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லிவருவது, ஆயுர்வேதமும் அதையே சொல்கிறது. சூடாக்கிய தேன் நஞ்சாகிவிடும் என்று சிலர் பயமுறுத்துவது மிகை. ஆனால் கெடுவது உண்மை. தேனில் உள்ள நொதிகள் சூட்டில் செயலிழக்கின்றன. பூவின் மணம் பறந்துபோகிறது. ஹைட்ராக்சிமெத்தில் பர்பியூரால் என்ற பொருள் பெருகுகிறது. தேன் காய்ச்சப்பட்டதா, நெடுநாள் கிடந்ததா என்று சோதனைச் சாலையில் கண்டுபிடிப்பதே அதை அளந்துதான். பன்னாட்டு உணவுத் தர நெறி கிலோவுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்கிறது, வெப்ப நாடுகளின் தேனுக்கு மட்டும் 80 வரை விட்டுக்கொடுக்கிறது.

தேனீ தேனை எப்படி ஆக்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். பூவிலிருந்து கொண்டுவருவது தண்ணீராய் ஓடுகிற மதுரம். அதைக் கூட்டில் வைத்து, இறக்கையால் விசிறி விசிறி, தண்ணீர் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கும்வரை வற்ற வைக்கிறது. கூட்டுக்குள் சூடு 35 டிகிரி அளவில்தான் இருக்கும். ஒரு வேலைக்காரத் தேனீ வாழ்நாள் முழுக்கப் பறந்து சேர்ப்பது ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படிப் பொறுமையாக ஆக்கியதை 200 டிகிரியில் கருக விடுவது எனக்குச் சம்மதமில்லை. திருவாசகத்தில் தேன்வண்டிடம் பேசுவதற்கென்றே ஒரு பதிகம் பாடியவர் மாணிக்கவாசகர். அவர் நடந்த மண்ணில் தேனை இன்னும் கொஞ்சம் மதித்து நடத்தலாம்.

ஆகவே அடுப்பை அணையுங்கள். பழத்தைத் தட்டுக்கு மாற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு வரட்டும். அப்போது இரண்டு மேசைக்கரண்டி தேனை மேலாக வார்த்துவிடுங்கள். பழத்திலிருந்து எழும் ஆவியே தேனை இளக்கி மணத்தைக் கிளப்பும், அதற்குமேல் தேனுக்குச் சூடு தேவையில்லை. கொம்புத்தேனோ மார்த்தாண்டத்துப் பெட்டித்தேனோ, எதுவானாலும் காய்ச்சாத தேனாகக் கேட்டு வாங்குங்கள். நெய்யும் தேனும் சம எடையில் சேரக் கூடாது என்று பார்ப்பவர்களுக்கும் இந்த அளவில் கவலையில்லை.

மேலே தூவ ஒரு சிட்டிகை உப்பு, பொடித்த மிளகு, கொஞ்சம் ஏலக்காய். உப்பை விட்டுவிடாதீர்கள், இனிப்பைத் தூக்கிக் காட்டுவது அதுதான். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள் ஆதனக்கோட்டைச் சாலையோரத்தில் வறுத்து விற்கும் முந்திரியை உடைத்துப் போடுங்கள். முதலில் பரிமாறுவதானால் ஒரு கரண்டி கெட்டித் தயிரைத் துணியில் வடிகட்டிப் பக்கத்தில் வைக்கலாம். சூடான பழமும் குளிர்ந்த புளிப்பும் நன்றாகப் பொருந்தும். அத்தி கிடைக்காத நாளில் நன்கு பழுத்த நேந்திரனை இதே முறையில் வாட்டலாம். வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பலா வரும் பருவத்தில் சுளைக்கு நெருப்பே வேண்டாம், தேன் மட்டும் போதும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் பழமும் தேனும் இரண்டுமே இனிப்பு என்பதை மனத்தில் வைத்து, ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பெற்றோருக்கும் பாட்டி தாத்தாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்கிற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தேனில் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். நம் வீட்டு அடுப்புச் சூடு அவற்றைக் கொல்லாது. பெரியவர்களை அவை பொதுவாக ஒன்றும் செய்வதில்லை, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை விரல் நுனியில்கூடத் தொட்டு வைக்காதீர்கள்.