தொ.ப. விட்ட இடத்திலிருந்து: எந்த ஊரின் வரலாற்றைக் காக்கப் போகிறோம்?

(மதுரை தல்லாகுளத்தில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கிராமங்களின் வரலாற்றைப் பாதுகாப்பதற்காகவே வாழ்ந்த ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் தொ. பரமசிவனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன். அவரைப் பற்றிப் பேசுவதற்குத் தல்லாகுளத்தை விடப் பொருத்தமான இடம் கிடையாது. சித்திரைத் திருவிழாவில் மலையிலிருந்து இறங்கி வரும் அழகருக்கு இந்தப் பகுதியில்தான் எதிர்சேவை. இங்கே பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் ஆண்டாள் சூடிய மாலையைப் போட்டுக்கொண்டுதான் அவர் வைகைக்குப் போகிறார். அந்த இரவில் இந்தச் சாலையில் லட்சக்கணக்கான சனம் நிற்கும். எல்லாரும் சாமியைப் பார்த்தார்கள். தொ.ப. சனத்தைப் பார்த்தார். இவர்கள் யார், எந்தெந்த ஊரிலிருந்து வருகிறார்கள், இந்தக் கோயிலோடு இவர்களுக்கு என்ன உறவு, அந்த உறவு எப்போது ஏற்பட்டது என்று கேட்டார். அந்தக் கேள்விதான் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அவருடைய முனைவர் பட்ட ஆய்வாக ஆனது. 1989-இல் 'அழகர் கோயில்' என்ற பெயரில் நூலாகவும் வந்தது.

1950-இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். இளையான்குடியிலும், மதுரை தியாகராசர் கல்லூரியிலும், பிறகு நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் தமிழ் சொல்லிக்கொடுத்தார். தன்னைப் பெரியாரியவாதி என்று சொல்லிக்கொண்டவர், வாழ்நாளெல்லாம் கோயில்களையும் நாட்டார் தெய்வங்களையும் பற்றி எழுதினார். இதில் முரண் இருப்பதாகச் சிலர் நினைக்கலாம். தெய்வத்தை நம்புகிற மக்களைப் படிக்காமல் சமூகத்தைப் படிக்க முடியாது என்பதுதான் அவர் நிலைப்பாடு. 2020 டிசம்பர் 24 அன்று மறைந்தார்.

அவர் செய்த வேலையின் அருமை, ஆய்வு மாணவர்களுக்குத்தான் முழுசாகத் தெரியும். கோயில் ஆய்வு என்றால் தலபுராணம், கல்வெட்டு, சிற்பம், கட்டிய மன்னன் என்று போவதுதான் வழக்கம். தொ.ப. அவற்றை விடவில்லை. ஆனால் கள்ளர், வலையர், இடையர், பள்ளர், பறையர் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் அந்தக் கோயிலோடு இருந்த உறவை எடுத்து ஆராய்ந்தார். அழகரைப் பற்றி மக்கள் பாடும் வர்ணிப்புப் பாடல்களைச் சான்றாகக் கொண்டார். சாமி ஏன் கள்ளர் வேடம் போட்டு வருகிறார் என்ற கேள்விக்கு, பக்தியில் மட்டும் விடை தேடாமல், கோயிலுக்கும் சுற்றியிருந்த மக்களுக்கும் நடந்த மோதலிலும் சமரசத்திலும் தேடினார். இன்றைக்கும் ஓர் ஆய்வுக் கூட்டத்தில் போய் "இதை எனக்குச் சொன்னது ஒரு பாட்டி" என்று சொல்லிப் பாருங்கள். "ஆதாரம் எங்கே?" என்று கேட்பார்கள். பாட்டிதான் ஆதாரம் என்று சொல்வதற்கான துணிச்சலை எங்களுக்குக் கொடுத்தவர்களில் அவர் ஒருவர்.

'அறியப்படாத தமிழகம்' 1997-இல் வந்தது. உப்பு, எண்ணெய், உரல், உலக்கை, தாலி, உறவுப்பெயர்கள் என்று வீட்டுக்குள் கிடக்கிற பொருளையும் வாயில் புழங்குகிற சொல்லையும் எடுத்து வரலாறு எழுதினார். பல்லாங்குழி ஆட்டத்தில் தனிச்சொத்து தோன்றிய கதையைக் கண்டார். கறுப்பு நிறம் எப்போது இழிவானது என்று கேட்டார். அரண்மனையும் கோட்டையும்தான் பழமை என்றிருந்த நமக்கு, அடுப்படியும் பழமைதான் என்று காட்டினார். ஒரு குடும்பம், ஒரு தெரு, ஓர் ஊர் ஆகியவற்றின் நினைவும் பாதுகாக்கத் தகுந்தது என்பதுதான் அவர் வாழ்க்கை நமக்குச் சொல்வது.

இதுவரை சொன்னதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது. இனிச் சொல்லப்போவதில் இருக்கலாம்.

தொ.ப. கையில் வைத்திருந்த அதே கருவிகளை இன்றைக்கு வேறு பலரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். குலதெய்வம், வாய்மொழிக் கதை, செப்பேடு, ஊர்ப்பெயர், பட்டப்பெயர் எல்லாம் இப்போது சாதிச் சங்கங்களின் கையில் இருக்கின்றன. மதுரையைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் முகப்பிலேயே ஃப்ளெக்ஸ் நிற்கிறது. ஆண்ட பரம்பரை, வாளேந்திய பரம்பரை. எல்லாச் சாதியும் ஆண்டிருக்கிறது என்றால் ஆளப்பட்டது யார் என்று யாரும் கேட்பதில்லை. வேரைத் தேடுகிறோம் என்று கிளம்பிய இளைஞர்களில் பலர் போய்ச் சேர்ந்திருப்பது சாதிப் பெருமையில்தான்.

இதற்குத் தொ.ப. பொறுப்பில்லை. ஆனால் அவர் முறையைப் பின்பற்றுகிற நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாட்டார் பண்பாட்டை பார்ப்பனியத்துக்கு எதிர்நிலையில் வைத்து, அதன் சனநாயகத்தை எடுத்துக்காட்டுவதில் அவர் அதிகக் கவனம் செலுத்தினார். அந்தக் காலத்துக்கு அது தேவையான வேலை. ஆனால் கறி தின்கிற சாமியின் கோயிலிலும் முதல் மரியாதை யாருக்கு என்ற கேள்வி இருக்கிறது. பறை அடிப்பவர் எங்கே நிற்க வேண்டும் என்ற கோடு இருக்கிறது. பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில், கண்டதேவித் தேரின் வடத்தைத் தொடும் உரிமைக்காகத் தலித் மக்கள் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பார்ப்பனர் இல்லாத இடத்திலும் சாதி நன்றாகவே குடியிருக்கும்.

கள ஆய்வுக்குப் போகும்போது ஒரு சின்னச் சொல்லில் இது தெரிந்துவிடும். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் போய் "ஊர் வரலாறு சொல்லுங்க" என்று கேட்டால் மந்தைக்குக் கூட்டிப் போவார்கள். பெரியவர்கள் வந்து உட்கார்ந்து அம்பலம், கரை, கோயில் மரியாதை என்று அழகாகச் சொல்வார்கள். குறிப்பேடு நிறைந்துவிடும். "காலனிப் பக்கமும் போய்க் கேட்கிறேன்" என்றால், "அது ஊரில்லையே, அங்க என்ன வரலாறு?" என்பார்கள். கோபத்தில் சொல்வதில்லை, இயல்பாகச் சொல்வார்கள். அவர்கள் வழக்கில் ஊர் வேறு, சேரி வேறு. ஆக 'ஊரின் வரலாற்றைப் பாதுகாக்கிறோம்' என்று நாம் சொல்லும்போதே பாதி மக்களை வெளியே நிறுத்திவிடுகிறோம். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைப் புகழ்ந்து பேசியவர்களுக்கு நடுவில் நின்று அண்ணல் அம்பேத்கர் கிராமத்தை அவ்வளவு கடுமையாக விமர்சித்தது இதனால்தான்.

நம் கண்ணெதிரே நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். இரண்டும் மேலூர் வட்டத்து விஷயங்கள். இரண்டும் இந்தத் தல்லாகுளத்தோடு தொடர்புள்ளவை.

முதலாவது அரிட்டாபட்டி. ஏழு மலைகள், பாண்டியர் குடைவரைக் கோயில், சமணச் சிற்பம், தமிழ் பிராமிக் கல்வெட்டு எல்லாம் உள்ள ஊர். பக்கத்து மீனாட்சிபுரத்தில் இருப்பதுதான் நெடுஞ்செழியன் பெயர் வரும் மாங்குளம் கல்வெட்டு. இரண்டு ஊர்களிலுமாக 193 எக்டேர் பரப்பை, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் சேர்த்து 2,015 எக்டேரில் டங்ஸ்டன் எடுக்க ஒன்றிய அரசு இந்துஸ்தான் சிங்க் நிறுவனத்தை ஏலத்தில் தேர்ந்தெடுத்தது. மக்கள் விடவில்லை. 2025 சனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே கிளம்பி, இதோ இந்தத் தல்லாகுளம் தலைமை அஞ்சலகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. தொல்லியல் துறையின் பெயர்ப்பலகையால் காப்பாற்ற முடியாத மலையை மக்கள் நடந்தே காப்பாற்றினார்கள்.

இரண்டாவது மேலவளவு. 1996-இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டல், வன்முறை எல்லாவற்றையும் தாண்டித் தேர்தலில் நின்று முருகேசன் தலைவரானார். 1997 சூன் 30 அன்று அவரும் தோழர்களும் மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்துவிட்டுப் பேருந்தில் திரும்பினார்கள். அந்த அலுவலகம் இங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். ஊருக்குப் போய்ச் சேருமுன் பேருந்தை மறித்து முருகேசனையும் துணைத் தலைவர் மூக்கன் உள்ளிட்ட ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். ஆயுள் தண்டனை பெற்ற 17 பேரில் மூவர் 2008-லும், 13 பேர் 2019 நவம்பரிலும் தண்டனைக் காலம் முடியுமுன் விடுதலை செய்யப்பட்டார்கள். மேலவளவில் அந்தத் தியாகிகளுக்கு நினைவிடம் இருக்கிறது. அதைக் கட்டியதும் காத்து வருவதும் பாதிக்கப்பட்ட மக்களும் இயக்கங்களும்தான்.

இப்போது சொல்லுங்கள், அரிட்டாபட்டிக் கல்வெட்டு பாரம்பரியம் என்றால் மேலவளவு நினைவிடம் என்ன? உள்ளாட்சியில் ஒரு தலித் நாற்காலியில் உட்கார்ந்ததற்காக உயிர் கொடுத்த இடம் இந்த நாட்டு சனநாயகத்தின் வரலாற்றுச் சின்னம் இல்லையா? மலையேறி மரபு நடை போகிற எத்தனை குழுக்களின் பட்டியலில் மேலவளவு இருக்கிறது? மலையைக் காக்க ஒன்றாக நடந்த கால்கள் சூன் 30 அன்று அந்த நினைவிடத்துக்கும் ஒன்றாக நடக்குமா? இதை நான் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. டங்ஸ்டன் போராட்டத்தில் பல சமூகத்து மக்கள் தோளோடு தோள் நின்றதைப் பார்த்த நம்பிக்கையில் கேட்கிறேன்.

"பழைய காயத்தை ஏன் கிளறுகிறீர்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். ஈராயிரம் வருடத்துக் கல்வெட்டைப் படிப்பது பெருமை, முப்பது வருடத்துக் கொலையை நினைப்பது கிளறல் என்றால், பிரச்சினை பழமையில் இல்லை என்பது தெளிவு.

நம்மால் என்ன செய்ய முடியும்? தொ.ப.வின் முறையே போதும். அதை அவர் போகாத தெருக்களுக்கும் கொண்டு போக வேண்டும்.

ஒன்று, காலனிகளில் இருக்கும் முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். பறை அடித்தவர், நடவுப் பாட்டுக்காரர், மடை திறந்து தண்ணீர் பாய்ச்சியவர், பண்ணையில் கிடந்தவர். கண்மாய் யார் வெட்டியது என்று கல்வெட்டில் மன்னன் பெயர் இருக்கும். வருடா வருடம் யார் கரை மராமத்து பார்த்தது என்பது இவர்களுக்குத்தான் தெரியும். அனுமதி கேட்டு, பெயர் போட்டு, ஒரு படியை அவர்களிடமே கொடுங்கள்.

இரண்டு, டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பட்டா, தீர்வை ரசீது, பள்ளிச் சான்றிதழ், பழைய வழக்குக் கட்டு எல்லாம் ஆவணம்தான். 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் எப்படிக் கைமாறியது என்பதை அந்தக் காகிதங்களை வைத்துத்தான் நிரூபிக்க முடியும். கரையான் அரிப்பதற்குள் படமெடுத்து வையுங்கள்.

மூன்றாவதுதான் கடினம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ஆதிக்கச் சாதிக் குடும்பங்களில் பிறந்திருப்பீர்கள். காலனிக்குப் போய்ப் பதிவு செய்வதற்கு முன் உங்கள் வீட்டில் கேளுங்கள். தாத்தாவிடம், அப்பத்தாவிடம், மரியாதையாக, பொறுமையாகக் கேளுங்கள். நம் வீட்டில் வேலை பார்த்தவர்களுக்கு எதில் தண்ணீர் கொடுத்தோம்? கொட்டாங்குச்சியிலா, தனிக் குவளையிலா? அந்தக் குவளை எங்கே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது? யார் திண்ணையில் உட்காரலாம், யார் கூடாது? அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோமா, எந்த வயதுக்காரரையும் 'வாடா போடா' என்றோமா? தொ.ப. உரலையும் உப்பையும் வைத்துத் தமிழர் வாழ்வை எழுதினார். அதே வீட்டு எரவாணத்தில் செருகி வைத்திருந்த கொட்டாங்குச்சியின் வரலாற்றை, அதைக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகளும் எழுத வேண்டும். வாங்கிக் குடித்தவர்கள் ஏற்கனவே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கொடுத்தவர்கள் பக்கம்தான் இன்னும் மௌனமாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அழகர்மலையில், கிடாரிப்பட்டிப் பக்கம், தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. துறவிகளுக்குக் கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் அவை. உப்பு வணிகர், கொழு வணிகர், துணி வணிகர், பொற்கொல்லர் என்று அவர்கள் செய்த தொழிலோடு பெயரைப் பொறித்திருக்கிறார்கள். அதை வைத்து அன்றைக்கு ஏற்றத்தாழ்வே இல்லை என்று கதை கட்ட வேண்டாம். கொடுத்தவர் பெயர் கல்லில் நின்றது, மலையில் படுக்கை வெட்டிய கல்தச்சரின் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. வரலாற்றைப் பாதுகாப்பது என்றால் கல்லில் இருக்கிற பெயரைக் காப்பதும் வேண்டும், விடுபட்ட பெயரை எழுதிச் சேர்ப்பதும் வேண்டும்.

வருகிற சூன் 30 அன்று மேலவளவுக்குப் போகிறோம். மரபு நடைக்கு வருகிற நண்பர்களையும் அழைத்து வாருங்கள். குறிப்பேட்டோடு வாருங்கள்.

ஜெய் பீம்.