விளக்கு எரிந்தால் தண்ணீர் வருகிறதா?
(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில், அழுத்தம் குறைக்கத் திறந்த வால்வு ஒன்று மூடாமல் சிக்கிக்கொண்டது. பலகையிலிருந்த விளக்கோ அணைந்துவிட்டது. மூடச்சொல்லிக் கட்டளை போனதையே அது காட்டியது; வால்வு மூடியதா என்பதை அல்ல. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்நீர் வெளியேறியது. உலையின் எரிபொருள் மையப்பகுதியில் ஏறக்குறையப் பாதி உருகிப்போயிற்று.

இவற்றை முன்கூட்டியே அறிய இரசாயன ஆலைகளில் ஒரு முறை உண்டு. பெரிய கணக்கெல்லாம் இல்லை. ஒவ்வொரு குழாய்க்கும் ‘ஓட்டம் நின்றால்? கூடினால்? குறைந்தால்? திரும்பினால்?’ என்று கேட்பார்கள். அதை எந்தக் கருவி கண்டுகொள்ளும் என்றும் கேட்பார்கள்.

நம் கிணற்று மோட்டாரையும் கேட்போம். புட்வால்வு கசிந்து பம்பிலிருந்து தண்ணீர் இறங்கிவிட்டால்? மோட்டார் ஓடும், ஸ்டார்ட்டர் விளக்கும் எரியும். ஓவர்லோடு ரிலே காப்பாற்றும் என்பது பலரின் எண்ணம். காப்பாற்றாது. வெறும் பம்பு குறைந்த ஆம்பியரே இழுக்கும். ரிலேவுக்குத் தெரிந்ததோ மிகுந்த ஆம்பியர் மட்டுமே. கிளாண்டு கயிறு கருகும் வாசனைதான் நமக்கு முதல் தகவல்!

ஆம்பியர் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் கருவி கிடைக்கிறது. ஆட்டோ ஸ்டார்ட்டரை நம்பி வீட்டில் தூங்குவோர் அதை அவசியம் பொருத்த வேண்டும். பம்பு நன்றாக நீர் இறைக்கும்போது ஆம்பியரைக் குறித்துக்கொண்டு, அதற்குச் சற்றுக் கீழே கருவியை அமைக்கவும்.