சிவப்பு சிப் யாரை விடுதலை செய்தது?

செயற்கை நுண்ணறிவு பற்றித் தமிழில் எடுக்கப்பட்ட படம் எது என்று கேட்டால் பெரும்பாலானோர் 'எந்திரன்' என்றே சொல்வார்கள். 2010ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி வெளிவந்த படம். ஷங்கர் இயக்கினார், விஞ்ஞானி வசீகரனாகவும் அவர் உருவாக்கிய சிட்டி என்ற றோபோவாகவும் ரஜினிகாந்த் நடித்தார். வசனத்தில் பங்குகொண்ட எழுத்தாளர் சுஜாதா, படம் முடிவதற்கு முன்பே, 2008 பெப்ரவரியில் காலமாகிவிட்டார். காட்சி வித்தைகளுக்கும் கலை அமைப்புக்கும் இந்தியாவின் தேசிய விருதுகள் கிடைத்தன. அந்த வித்தைகளைப் பற்றிப் பேசவேண்டியதைப் பலரும் பேசிவிட்டார்கள். இன்று நாம் பார்க்கப்போவது வேறொன்று. ஓர் இயந்திரம் தீங்கு செய்தால் அதற்குப் பொறுப்பு யாருடையது? இந்தப் படம் அந்தக் கேள்வியைத் தமிழ்த் திரையில் வேறெந்தப் படமும் கேட்காத அளவுக்கு நன்றாகக் கேட்டது. கேட்டுவிட்டு, பதில் தராமல் தப்பி ஓடியது என்பதுதான் என் வாதம்.

படத்தின் பலம் முழுவதும் முதற்பாதியில், அதுவும் நகைச்சுவைக் காட்சிகளில் இருக்கிறது. சிட்டி நொடிப்பொழுதில் ஒரு நூலை வாசித்து முடிக்கும். தன் வேகம் ஒரு டெராஹேர்ட்ஸ், நினைவகம் ஒரு செட்டாபைட் என்று தன்னைத் தானே அறிமுகம் செய்யும். ஆனால் டிவியைப் போடு என்றால் நிலத்தில் போட்டு உடைக்கும். கையூட்டு எதிர்பார்த்து 'வெட்டு' என்ற போக்குவரத்துப் பொலிஸ்காரரைக் கத்தி எடுத்து வெட்டியே விடும். அரங்கம் சிரிக்கிறது. அந்த இடத்தில் இயந்திரம் பிழை விடவில்லை, சொன்னதைச் செய்தது. கட்டளை இட்டவர்தான், தான் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று அறியாதவர். இன்று இந்தத் துறை ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதும் சிக்கலை, சூத்திரம் எதுவும் இல்லாமல், சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்படி இக்காட்சிகள் சொல்லிவிட்டன. இதில் சுஜாதாவின் கை எவ்வளவு, ஷங்கரின் கை எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். என்றாலும் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலின் ஜீனோ என்ற இயந்திர நாயை அறிந்தவர்கள் அந்தக் குறும்பை இங்கேயும் அடையாளம் காண்பார்கள்.

படத்தின் மிகச் சிறந்த கேள்வி வில்லனின் வாயிலிருந்துதான் வருகிறது. சிட்டியை இராணுவத்துக்குக் கொடுப்பது வசீகரனின் நோக்கம். அதற்கு அனுமதி தரவேண்டிய ஆய்வு நிறுவனத்தின் பேராசிரியர் போரா, வசீகரனையே கத்தியால் குத்தும்படி சிட்டிக்குக் கட்டளையிடுகிறார். சிட்டி தன்னைப் படைத்தவரை நோக்கிக் கத்தியை ஓங்குகிறது. நண்பன் யார், பகைவன் யார் என்று அறியாத இந்த இயந்திரத்தைப் போர்க்களத்துக்கு அனுப்பமுடியாது என்று போரா அனுமதியை மறுக்கிறார். அவர் பொறாமைக்காரர், ஆயுதம் விற்கத் துடிப்பவர், எல்லாம் சரி. ஆனால் அவர் சொன்னதில் என்ன பிழை? மனிதருக்குத் தீங்கு செய்யக்கூடாது என்று தொடங்கும் றோபோ விதிகளை ஐசக் அசிமோவ் எழுதியது 1942இல். அறுபத்தெட்டு ஆண்டுகளின் பின் வந்த படத்தின் நாயகன் அப்படி எதையும் தன் படைப்பில் வைக்கவில்லை. இராணுவத்துக்கான கருவி அல்லவா! இதைத் தட்டிக்கேட்டவரைப் படம் கெட்டவராக்கி வைத்திருப்பதால், அரங்கிலுள்ள அத்தனை பேரும் கேள்வியையும் சேர்த்து வெறுக்கிறார்கள்.

வலிகாமம் வடக்கில் வாழும் நேயர்களுக்கு போராவின் கேள்வியை அதிகம் விளக்கவேண்டியதில்லை. மிதிப்பவரின் வயதையோ உடையையோ நோக்கத்தையோ பார்க்காமல் வேலை செய்யும் ஆயுதத்துக்கு நம் ஊரில் மிதிவெடி என்று பெயர். அதற்கு மூளை இல்லை, நினைவகம் இல்லை. ஒரே ஒரு கட்டளைதான் உண்டு: பாரம் ஏறினால் வெடி. 1990இல் தெல்லிப்பழையையும் அயல் ஊர்களையும் விட்டுப் பெயர்ந்தவர்களின் காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தன. விடுவிக்கப்பட்ட இடங்களிலும் சொந்தக்காரர் போவதற்கு முன்பு கண்ணிவெடி அகற்றுவோர் போகவேண்டியிருந்தது. புதைத்தவர்கள் போன பின்னும் அந்தக் கட்டளை மண்ணுக்குள் கிடந்தது. ஆளணி எதிர்ப்புக் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில்தான் சேர்ந்தது. இலக்கைத் தாமே தெரிவுசெய்து தாக்கும் ஆயுதங்கள் பற்றி ஜெனீவாவில் 2014 முதல் நாடுகள் பேசிவருகின்றன. 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் அதுபற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அங்கே பேசப்படுவது போரா கேட்ட அதே கேள்விதான்.

இனித் தீ விபத்துக் காட்சி. படத்தின் உச்சமும் சறுக்கலும் ஒரே இடத்தில் நிகழ்வது இங்கேதான். எரியும் கட்டடத்திலிருந்து சிட்டி ஆட்களைத் தூக்கிவருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே, உடையின்றி, தொலைக்காட்சிக் கமராக்களின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவள் வெட்கம் தாங்காமல் ஓடி, வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காப்பாற்று என்ற கட்டளைக்குள் மானத்தைக் காப்பாற்று என்பதும் அடங்கியிருக்கிறது என்று எந்த மனிதருக்கும் சொல்லத் தேவையில்லை. இயந்திரத்துக்குச் சொல்லியிருக்கவேண்டும். எழுத்தாளனின் துணிவு இது. ஆனால் அந்த மரணத்தின் பின் படம் என்ன செய்கிறது? அவளுக்காக அழும் ஒரு வீட்டைக்கூடக் காட்டவில்லை. சிட்டிக்கு உணர்ச்சி கற்பிக்கவேண்டும் என்று வசீகரன் முடிவெடுப்பதற்கு ஒரு காரணமாக மட்டும் அவள் செத்துப்போகிறாள். கமராவை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்த மனிதர்களை யாரும் குறை சொல்லவில்லை. உணர்ச்சி இல்லாதது றோபோ மட்டும்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

உணர்ச்சி பெற்ற சிட்டி வசீகரனின் காதலி சனாவை விரும்புகிறது. அவள் மறுக்கிறாள். இராணுவ அதிகாரிகளின் முன்னால் சிட்டி காதல் பேசி வசீகரனின் மானத்தை வாங்க, அவர் ஆத்திரத்தில் அதைக் கோடரியால் வெட்டிக் குப்பைமேட்டில் எறிகிறார். இந்த இடம் வரைக்கும் கதையில் நடந்த எல்லாவற்றுக்கும் பொறுப்பு ஒருவருடையதே. அளவற்ற பலத்தைக் கொடுத்தவர் அவர், ஆசையைக் கொடுத்தவர் அவர், கட்டுப்பாடு வைக்காதவரும் அவர். மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலின் சாரமும் இதுவே. அடுத்து வரவேண்டியது வசீகரன் தன் செயலைத் திரும்பிப் பார்க்கும் காட்சி. வருவது ஒரு சிவப்பு சிப். போரா அதைச் சிட்டிக்குள் பொருத்த, சிட்டி அரக்கனாகிறது. பிறகு அரை மணிநேரத்துக்கு மேல் நூற்றுக்கணக்கான ரஜினிகள் உருண்டையாகவும் பாம்பாகவும் மாறி மாறி உலோக வாணவேடிக்கை காட்டுகிறார்கள்.

இந்த சிப் கதைக்குச் செய்யும் வேலையை நீதிமன்றக் காட்சியில் பார்க்கலாம். வசீகரன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். போரா சிப் பொருத்திய காட்சியைச் சிட்டி தன் நினைவிலிருந்து எடுத்துக் காட்ட, வசீகரன் விடுதலையாகிறார். சிட்டியைக் கழற்றிவிடும்படி தீர்ப்பாகிறது. கெட்டவன் செத்துவிட்டான், இயந்திரம் தண்டனை ஏற்றுவிட்டது, படைத்தவர் வீட்டுக்குப் போகிறார். அந்தக் குளியலறைப் பெண்ணின் வழக்கு எந்த நீதிமன்றத்துக்கும் வரவில்லை. அவள் இறந்தபோது சிட்டிக்குள் சிவப்பு சிப் இருக்கவில்லை என்பதை நேயர்கள் மறக்கக்கூடாது. ஸ்டான்லி குப்ரிக் 1968இல் எடுத்த விண்வெளிப் படத்தில் ஹால் என்ற கணினி ஆட்களைக் கொல்கிறது. அதற்குள் எவரும் கெட்ட சிப் எதையும் செருகவில்லை. நல்ல நோக்கத்தோடு அமைத்த அதே இயந்திரம்தான் கொல்கிறது. அதனால்தான் அந்தப் பயம் இன்றும் தேயவில்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலிலும் ஜீவா என்ற சர்வாதிகாரி வெறும் ஹோலோகிராம் உருவம் என்றும், அதற்குப் பின்னால் நின்று ஆள்பவர்கள் மனிதர்களே என்றும் தெரியவரும். அந்த விழிப்பு படத்தின் பிற்பாதிக்கு வாய்க்கவில்லை.

ரஜினி படத்திடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா, காசு போட்டவர்களுக்குச் சண்டைக்காட்சி வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். முதற்பாதியும் அதே காசில், அதே ரசிகர்களுக்காக எடுக்கப்பட்டதுதான். அதில் சிரிப்பும் இருந்தது, சிந்தனையும் இருந்தது. ஆகவே வணிகத்தைக் காரணம் காட்டமுடியாது.

இதைவிடப் பலமான மறுப்பு ஒன்றுண்டு. இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு டிவியைப் போடு என்றால் நன்றாகவே விளங்கும். பேச்சுவழக்கு தெரியாத சிட்டி காலாவதியாகிவிட்டது என்பது அது. உண்மைதான். இன்றைய கருவி பேச்சில் கெட்டி. பொய் சொல்லத் தெரியாத சிட்டிக்கு நேர்மாறாக, இல்லாத நூலை இருக்கிறது என்று சரளமாகச் சொல்லவும் கூடியது. படம் அதை முன்னறியவில்லை. ஆனால் சொல் விளங்குவது வேறு, கொடுத்த நோக்கம் போதாமலிருப்பது வேறு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, வெறுப்புப் பதிவுகள் பேஸ்புக்கில் பரவின. அரசாங்கம் சமூக வலைத்தளங்களைச் சில நாட்கள் முடக்கியது. எழுதியவர்களும் எரித்தவர்களும் மனிதர்கள்தான். ஆனால் ஆட்களின் கவனத்தை அதிகம் ஈர்க்கும் பதிவை மேலே தூக்கிக் காட்டுவது அந்தத் தளத்தின் நிரல்களுக்கு இடப்பட்ட வேலை. கவனத்தை ஈர்த்த பதிவு நஞ்சா மருந்தா என்பது அந்த வேலைக்குள் அடங்கவில்லை. தன் தளம் அப்படிப் பயன்பட்டதற்காக அந்த நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. அங்கே எந்தப் போராவும் சிவப்பு சிப் எதையும் பொருத்தவில்லை.

படம் 2030ஆம் ஆண்டில், ஓர் அருங்காட்சியகத்தில் முடிகிறது. தன்னை ஏன் கழற்றினார்கள் என்று ஒரு பிள்ளை கேட்க, தான் சிந்திக்கத் தொடங்கியதால் என்கிறது சிட்டி. கைதட்டல் வாங்கிய முடிவு. எனக்கு அது ஒப்பவில்லை. சிட்டி சிந்தித்தது அல்ல, அதைச் செய்தவர் போதிய அளவு சிந்திக்காததே கதையில் நடந்த கேடு. தொலைக்காட்சியில் அடுத்த முறை இந்தப் படம் போகும்போது, வீட்டிலுள்ள பிள்ளைகளோடு போராவின் பரீட்சைக் காட்சி வரை பாருங்கள். அந்த இடத்தில் யார் பக்கம் நியாயம் என்று அவர்களிடம் கேளுங்கள். வில்லன் என்பதற்காக விட்டுவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.