‘வெளிப்படுத்து’ என்னும் சொல்

ஒரு மொழியில் உள்ள சொற்களுள் சில, நாள்தோறும் நம் நாவில் வழங்குவன. ஆயினும், அவற்றின் முழுப்பொருளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ‘வெளிப்படுத்து’ என்பது அத்தகைய வினைச்சொல். மாணவர் கட்டுரையில் அது வருகிறது, செய்தித்தாளில் வருகிறது, நீதிமன்றத்திலும் ஆய்வுக்கூடத்திலும் வருகிறது. அச்சொல்லை எடுத்தாள்பவர், தம்மை அறியாமலே ஒரு பொறுப்பையும் ஏற்றுக்கொள்கின்றார். அப்பொறுப்பு யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் சொல்லின் அமைப்பைக் காண்போம். வெளி என்பது திறந்த இடம். மறைப்பு இல்லாத இடம். அதனோடு ‘படு’ என்னும் வினை சேர, ‘வெளிப்படு’ என்று ஆகிறது. உள்ளே இருந்தது வெளியே தோன்றுதல் என்பது அதன் பொருள். இது தன்வினை. ‘படு’ என்பது ‘படுத்து’ என்று ஆகும்போது, தானே தோன்றாத ஒன்றைப் பிறர் ஒருவர் தோன்றச் செய்தல் என்னும் பொருள் பிறக்கிறது. இது பிறவினை. காண் என்பதற்குக் காட்டு. அறி என்பதற்கு அறிவி. தெரி என்பதற்குத் தெரிவி. உணர் என்பதற்கு உணர்த்து. விளங்கு என்பதற்கு விளக்கு. இவ்வாறே வெளிப்படு என்பதற்கு வெளிப்படுத்து.

‘உண்மை வெளிப்பட்டது’ என்றால், யாரும் முயலாமலே அது தோன்றியிருக்கலாம். ‘உண்மையை வெளிப்படுத்தினான்’ என்றால், அச்செயலுக்கு உரியவன் ஒருவன் நம் கண்முன் நிற்கின்றான். ‘உண்மை வெளிப்படுத்தப்பட்டது’ என்றாலோ, செய்தவன் ஒருவன் உண்டு. ஆனால், அவன் பெயர் சொல்லப்படவில்லை. பெயர் தெரியாதபோதும், தெரிந்தாலும் சொல்வது தீங்காகும்போதும் மூன்றாவது வடிவம் தக்கது. சோம்பலால் அதனை ஆள்வது தக்கதன்று.

இனி, இவ்வினையின் உறவினரைக் காண்போம். தேர்வு முடிவுகளை ‘வெளியிட்டார்கள்’ என்கிறோம், ‘வெளிப்படுத்தினார்கள்’ என்பதில்லை. ஊரறியச் செய்வதற்கென்றே உரிய நாளில் தருவது வெளியிடுதல். உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியையும், 1889-இல் பத்துப்பாட்டையும் அச்சில் வெளியிட்டார். ஏட்டுச்சுவடிகளில் மறைந்து கிடந்த தமிழ்ச்செல்வத்தை அப்பதிப்புகளால் உலகிற்கு வெளிப்படுத்தினார். நூலை வெளியிட்டார், அதன் பெருமையை வெளிப்படுத்தினார். செயல் ஒன்றே, ஆயினும், இரு சொற்களும் அதன் இரு பக்கங்களைக் காட்டுகின்றன.

ஒருவருடைய சூழ்ச்சியை ஊரார் நடுவே நிறுத்தினால், அதனை ‘அம்பலப்படுத்துதல்’ என்கிறோம். அம்பலம் என்பது பலரும் கூடும் பொதுவிடம். மறைவில் செய்ததைப் பொதுவில் வைப்பதால், இச்சொல்லில் இழிவுபடுத்தும் குறிப்பும் கலந்து நிற்கிறது. நண்பனுடைய நற்பண்பை யாரும் அம்பலப்படுத்துவதில்லை.

‘காட்டு’ என்னும் வினையோ இன்னும் வியப்புடையது. அதனோடு ‘கொடு’ என்னும் துணைவினை சேர்ந்தால், ‘காட்டிக்கொடு’ என்று ஆகி, நம்பினவரைப் பகைவர் கையில் ஒப்புவிக்கும் இரண்டகத்தைக் குறிக்கிறது. ‘கொள்’ என்பது சேர்ந்தால், பல இடங்களில் இல்லாததை உள்ளதுபோல் நடிப்பதைக் குறிக்கிறது. ‘கற்றவன்போலக் காட்டிக்கொண்டான்’ என்றால், அவன் கல்லாதவன் என்பது சொல்லாமலே விளங்குமன்றோ? ஒரு வினை, துணை மாறியதும் ஓரிடத்தில் வஞ்சமாகிறது, மற்றோரிடத்தில் வேடமாகிறது.

இவற்றின் நடுவே ‘வெளிப்படுத்து’ என்னும் சொல்லின் தனித்தன்மை யாது? வெளியே வருவதற்கு ஒரு பொருள் முன்னமே உள்ளே இருத்தல் வேண்டும். இல்லாத ஒன்றை யாராலும் வெளிப்படுத்த இயலாது. ஆகவே, ‘அவர் இதனை வெளிப்படுத்தினார்’ என்று எழுதுபவர், ‘இது உண்மை’ என்று தாமும் கையெழுத்திடுகின்றார். ‘கூறினார்’ என்று எழுதுபவருக்கு அந்தக் கடமை இல்லை. கூறியது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம்.

இதனை ஒரு சிறு சோதனையால் அறியலாம். ‘அவன் தான் திருடியதாகக் கூறவில்லை’ என்று எழுதுங்கள். அவன் திருடினானா இல்லையா என்பது இதனால் தெரியாது. ‘அவன் தன் திருட்டை வெளிப்படுத்தவில்லை’ என்று எழுதுங்கள். இப்பொழுது அவன் திருடன் என்றே முடிவாகிவிட்டது. எதிர்மறையாக எழுதினோம், ஆயினும் குற்றம் அவன் தலைமேல் ஏறிவிட்டது! வெளிப்படுத்தவில்லை என்று மறுக்கப்பட்டது செயல் மட்டுமே. உள்ளே ஒளிந்திருந்த பொருள் மறுக்கப்படவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவரைப் பற்றித் தீர்ப்பு வருமுன்னே இவ்வாறு எழுதினால், நீதிபதி சொல்லாத தீர்ப்பை ஒரு வினைச்சொல் சொல்லிவிடும். எழுதுகோல் பிடித்தவர் அஞ்சவேண்டிய இடம் இது.

அறிவியல் துறையிலும் இந்த வேறுபாடு வேண்டும். 1895-ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் என்னும் செருமானிய அறிஞர் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். தம் மனைவியின் கையை அக்கதிரால் படம் எடுத்தார். கையின் எலும்புகளும் விரலில் அணிந்த மோதிரமும் படத்தில் தோன்றின. ‘கதிர் எலும்புகளை வெளிப்படுத்தியது’ என்று இதனைச் சொல்வது முற்றும் பொருந்தும். எலும்பு முன்னமே அங்கு இருந்தது. தோலும் தசையும் அதனை மறைத்திருந்தன. கதிர் அந்த மறைப்பைக் கடந்தது. ஆனால், ஓர் அறிஞர் ஒரு கருத்தை ஊகமாகச் சொல்லி, அது மேலும் ஆராயப்பட வேண்டும் என்றால், அவர் அதனை வெளிப்படுத்தினார் என்பது பொருந்தாது. ‘கருதுகின்றார்’, ‘ஊகிக்கின்றார்’ என்னும் சொற்கள் அங்கே காத்திருக்கின்றன.

பண்டைத் தமிழர் மறைத்தலையும் வெளிப்படுத்தலையும் மிக நுட்பமாக ஆராய்ந்தவர். தொல்காப்பியர் உரியியலில், பொருள் வெளிப்படையாக உள்ள சொற்களை விளக்க வேண்டுவதில்லை என்றும், அவ்வாறு வாராத சொற்களையே விளக்க வேண்டும் என்றும் வரையறுத்தார். அகப்பொருள் நூலார் ஊரார் பேச்சையும் இரண்டாகப் பிரித்தனர். வெளிப்படச் சொல்லாமல், அரும்புபோல அடங்கிய முணுமுணுப்பு அம்பல். இன்னாரோடு இன்னாருக்கு என்று பலரறிய விரிந்த பேச்சு அலர். அரும்பு மலராவது போலவே ஒரு மறைபொருளும் படிப்படியாக வெளிப்படுகிறது என்பதை அவர்கள் கண்டனர்.

அதனினும் சிறந்த சொல் ஒன்று அகத்திணையில் உண்டு. தலைவியின் காதலைத் தோழி அறிவாள். நெடுநாள் அதனை யாருக்கும் உரைக்காமல் காப்பாள். அவ்வாறு காப்பதே அவள் நட்பின் இலக்கணம். ஆனால், பெற்றோர் காதலை அறியாமல் அயலார்க்குத் தலைவியை மணம் பேச முற்படும்போதும், தலைவியின் மெலிவு கண்டு செவிலி கலங்கும்போதும், இனியும் மறைப்பது தலைவியின் வாழ்வைக் கெடுக்கும். அப்பொழுது தோழி வாய் திறக்கிறாள். தோழி செவிலிக்கு உரைப்பாள். செவிலி நற்றாய்க்கு உரைப்பாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் உணர்த்துவாள். இவ்வாறு வெளிப்படுத்துவதற்குத் தமிழர் இட்ட பெயர் ‘அறத்தொடு நிற்றல்’.

தோழி அறத்தொடு நிற்கும் முறை ஏழு என்று தொல்காப்பியர் எண்ணினார். தலைவனை எளியனாகக் கூறுதல், உயர்த்திக் கூறுதல் முதலியன முன்னே வர, உள்ளவாறு உண்மை செப்புதல் இறுதியாக நிற்கிறது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளும் இந்த ஒரு துறைக்கு உரியன. செவிலியை நோக்கித் தோழி பேசுகிறாள். தினைப்புனம் காத்ததும், அருவியில் ஆடியதும், மலர் கொய்ததும், யானை சினந்து வந்ததும், தலைவன் அதனை விலக்கிக் காத்ததும் வரிசையாக வருகின்றன. எடுத்த எடுப்பில் ‘இவள் காதலித்தாள்’ என்று அவள் சொல்லவில்லை. கேட்பவள் மனம் கலங்காதவாறு, நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி அடுக்கி, உண்மை தானே ஒளிருமாறு செய்கிறாள்.

அதே மறைபொருளை, ஊர்ப்பெண் ஒருத்தி பழி தூற்றும் விருப்பத்தால் சொல்லியிருந்தால், அது அலர். தலைவியின் நலம் கருதித் தோழி சொன்னபோது, அது அறம். செய்தி ஒன்றுதான், சொன்ன நெஞ்சமும், சொன்ன காலமும், சொன்ன முறையும் வேறு. இம்மூன்றையும் நோக்கியே நம் முன்னோர் ஒரே செயலுக்கு வேறுவேறு பெயர் இட்டனர்.

மாணவ நண்பர்களே! நீங்கள் நாளை எழுத்தாளராகலாம்; வழக்கறிஞராகலாம்; ஆராய்ச்சியாளராகலாம். ‘வெளிப்படுத்தினார்’ என்று எழுதுமுன், உள்ளே உண்மை இருந்தது என்பதற்குச் சான்று உண்டா என்று எண்ணுங்கள். சான்று இல்லையேல், ‘கூறினார்’ என்று எழுதுங்கள், அதனால் நடைக்கு அழகு குறையாது, நேர்மை கூடும். ஒருவருடைய மறைபொருளை நீங்களே வெளிப்படுத்த நேரும்போது, காட்டிக்கொடுக்கின்றோமா, அறத்தொடு நிற்கின்றோமா என்று நெஞ்சைக் கேளுங்கள். இந்த இரண்டிற்கும் தமிழ் தனித்தனிச் சொல் தந்திருக்கிறது. எந்தச் சொல்லுக்கு உரியவர் ஆவது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும்.