பகையிலும் பட்டுப்போகாத நட்பு



தேர்தல் மேடையிலே மோதிக்கொண்டவர்கள் மறுநாள் தெருவிலே சந்தித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். மாற்றுக் கட்சிக்காரன் வருவானா என்று விசாரித்துவிட்டுத் திருமண வீட்டிற்குப் புறப்படுகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்களை எண்ணித்தான் அமெரிக்க நாட்டு வரலாற்றிலிருந்து இருவரை இங்கே அழைத்து வந்திருக்கிறேன்.

ஒருவர் ஜான் ஆடம்ஸ். மசாசூசெட்சு மாநிலத்து உழவர் வீட்டுப் பிள்ளை, வழக்கறிஞர், குட்டை உருவம், சுள்ளென்ற பேச்சு. மற்றவர் தாமஸ் ஜெபர்சன். வர்ஜீனியாவின் பெருநிலக்கிழார், நெடிய உருவம், மேடையிலே நாவெழாது, பேனாவை எடுத்தாலோ நாடே நிமிர்ந்து பார்க்கும். 1775-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரிலே இருவரும் சந்தித்தனர். அடுத்த ஆண்டே, விடுதலைச் சாசனம் தீட்ட அமைந்த ஐவர் குழுவிலே இருவரும் இருந்தனர். எழுதியவர் ஜெபர்சன், வரிவரியாக வெட்ட வந்தவர்களை எதிர்த்து மன்றத்திலே வாதாடியவர் ஆடம்ஸ். எழுதியவரோ வாய் திறவாது அமர்ந்திருந்தார்!

பின்னர் ஐரோப்பா. 1786-இல் இருவரும் கூடி இங்கிலாந்தைச் சுற்றினர். ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டைக் கண்டனர். 1787-இல் ஜெபர்சனின் எட்டு வயது மகள், தாயில்லாச் சிறுமி, கடல் கடந்து இலண்டனில் இறங்கியபோது வாரி அணைத்துக்கொண்டவர் ஆடம்சின் துணைவியார் அபிகேல் அம்மையார். உறவுக்காரர்கள்கூட அப்படி இருப்பதில்லை.

அந்த நட்பை அரசியல் பிளந்தது. பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. ஜெபர்சன் வாழ்த்தினார், ஆடம்ஸ் அஞ்சினார். ஒருவர் மக்களை நம்பினார். மற்றவர் கட்டுக்காவலை நம்பினார். 1796 தேர்தலிலே ஆடம்சுக்கு 71, ஜெபர்சனுக்கு 68. இரண்டாவதாக வந்தவரே துணைத் தலைவர் என்பது அன்றைய சட்டம். தலைவர் ஒரு கட்சி, துணைத் தலைவர் எதிர்க்கட்சி! ஒரு வண்டியிலே இரு மாடுகள், ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே!

1798-இல் ஆடம்ஸ் அரசு இராஜத்துரோகச் சட்டம் கொண்டுவந்தது. ஆட்சியை இழித்து எழுதினால் சிறை. வெர்மாண்ட் மாநிலத்துப் பிரதிநிதி மாத்யூ லயன் என்பவருக்கு நான்கு திங்கள் சிறை, ஆயிரம் டாலர் அபராதம். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சிறையில் இருந்தவரையே மீண்டும் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள்!

எனக்கு ஜெபர்சன்பால்தான் சாய்வு, மறைக்கவில்லை. எனினும் அவர் செய்ததனைத்தும் செம்மை என்று சொல்ல என் நா ஒப்பவில்லை. காலெண்டர் என்ற எழுத்தாளர் ஆடம்சின்மீது வசைமாரி பொழிந்தார். அவருக்குப் பணம் கொடுத்து உதவியவர் ஜெபர்சன். பதவி கிடைக்காத ஆத்திரத்தில் அதே காலெண்டர் 1802-இல் ஜெபர்சனையே ஏட்டிலே கிழித்தார். கூலிக்கு வாங்கிய வாள் எந்தப் பக்கமும் திரும்பும்.

1800 தேர்தலில் ஜெபர்சனுக்கு 73, ஆடம்சுக்கு 65. வாளுக்கு வேலையின்றி ஆட்சி கைமாறியது; உலகம் அதிகம் கண்டிராத காட்சி. ஆனால் 1801 மார்ச் 4 அன்று, பதவியேற்பு விழாவைக் காணப் பொறாது, பொழுது புலருமுன் வண்டியேறித் தலைநகரை விட்டுப் போனார் ஆடம்ஸ். தோல்வியைத் தாங்கிய நெஞ்சு, தோழன் தந்த தோல்வியைத் தாங்கவில்லை.

அதன்பின் பதினோராண்டு மௌனம்! 1804-இல் ஜெபர்சனின் அந்த மகள் மாண்டபோது அபிகேல் அம்மையார் கணவருக்குத் தெரிவிக்காமல் ஆறுதல் எழுதினார்; அதுவும் பழைய கசப்பிலேயே முடிந்தது. இருவருக்கும் நண்பரான மருத்துவர் பெஞ்சமின் ரஷ் விடவில்லை. மாறி மாறி எழுதினார், மன்றாடினார். 1812 புத்தாண்டு நாளில் ஆடம்ஸ் பேனா எடுத்தார். வீட்டிலே நெய்த துணி இரண்டு அனுப்புகிறேன் என்று எழுதினார். ஜெபர்சன் அதை மெய்யென்று நம்பி, தம் ஊர்க் கைத்தறியின் பெருமையை விரிவாக எழுதி விடுத்தார். பொதியைப் பிரித்தால், ஆடம்சின் மகன் பேச்சுக்கலைபற்றி ஆற்றிய சொற்பொழிவுகள், இரண்டு தொகுதி! பேசிப் பிழைக்கும் எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

பதினான்கு ஆண்டுகளில் 158 கடிதங்கள். அவற்றுள் நூற்றுக்கு மேல் ஆடம்ஸ் எழுதியவை. ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளாமல் சாகக்கூடாது என்பது அவருடைய வேட்கை. 1823-இல், ஜெபர்சனைத் தூற்றி ஆடம்ஸ் முன்பு எழுதிய கடிதங்களை யாரோ அச்சேற்றினர். ஆடம்ஸ் துடித்தார். ஜெபர்சனோ, நம் நட்பின்மேல் இது ஒரு கீறலும் இடாது என்ற பொருளில் ஆறுதல் விடுத்தார்.

எல்லாம் எழுதினார்கள், ஒன்றைமட்டும் சுற்றிச்சுற்றி வந்து நழுவினார்கள். அடிமைமுறை! ஆடம்ஸ் அடிமை வைத்திருந்ததில்லை. எல்லோரும் சமம் என்று எழுதிய ஜெபர்சனின் உடைமையாக வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட மாந்தர் இருந்தனர். 1821-இல் அதைக் கருமேகம் என்று குறித்த ஆடம்ஸ், தெற்கத்தியார் முடிவுக்கே விட்டுவிட்டதாகவும் எழுதினார். வழக்குமன்றத்தில் சிங்கமென நின்றவர், நண்பனிடம் அந்த ஒரு வழக்கை மட்டும் எடுக்கவில்லை. நட்பைக் காக்கவா, நாட்டைக் காக்கவா? எதற்காகவாயினும் அந்த மௌனத்தை நான் மன்னிப்பதற்கில்லை.

1826 ஜூலை 4. சாசனத்தின் ஐம்பதாவது ஆண்டு விழா. நண்பகல் கடந்ததும் ஜெபர்சன் கண்மூடினார். அந்திக்குள் ஆடம்சும் மறைந்தார். ஜெபர்சன் இன்னும் இருக்கிறார் என்று முனகியதாகச் சொல்கிறார்கள். நாடகத்திலே நான் இப்படி ஒரு முடிவை எழுதினால், செயற்கை என்று நீங்களே எழுந்து போய்விடுவீர்கள்!

ஆறு திங்கள் கழித்து, 1827 ஜனவரியில், ஜெபர்சனின் கடனை அடைப்பதற்காக அவர் மாளிகையிலே ஏலம் போட்டார்கள். நாற்காலிகள் போயின, மாடுகள் போயின, ஏறத்தாழ 130 அடிமைகளும் தாய் ஒரு புறம் பிள்ளை ஒரு புறமாக ஏலத்தில் நின்றார்கள்.