ராயபுரத்துக்கு ஏன் அந்தப் பேரு?

நான் தண்டையார்பேட்டை. காலேஜ்ல 'எந்த ஏரியா?'ன்னு கேட்டா பேச்சை மாத்திடுவேன்.

ஒருநாள் எங்க மாணவர் இயக்கத்து ஃபாதர், "ராயபுரத்துக்கு ஏன் அந்தப் பேரு?"ன்னு கேட்டார். முழிச்சேன்.

புனித பேதுருவுக்குத் தமிழ்ல இராயப்பர்னு பேரு. அதுலேர்ந்துதான் ராயபுரம். துறைமுகம் வர்றதுக்கு முன்னாடி, கப்பல் சரக்கை மசூலா படகுல கரைசேர்த்த படகுக்காரங்க அவருக்குக் கோயில் எழுப்பினாங்க. அவரும் படகுல பிழைச்சவர்தானே!

எங்க இயக்கமான ஐக்கஃப், கத்தோலிக்கக் கல்லூரி மாணவர்களுக்காக 1924-ல் தொடங்கியது. 1937-ல் பிரான்சிலிருந்து வந்த செராக் அடிகளார், அதன் மாணவர்களோடு குடிசைவாசிகளுக்காக உழைத்த இடம் எது தெரியுமா? எங்க பக்கத்து செரியன் நகர்!

யாரோ தேடி வந்த ஏரியாவை நான் மறைச்சுக்கிட்டிருந்தேன்.

இப்போ ஞாயிறுதோறும் எங்க தெருப் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லித்தர்றேன். முதல் கேள்வி மட்டும் கணக்கு இல்லை: "ராயபுரத்துக்கு ஏன் அந்தப் பேரு?"