எபிசோட் 41: ஏழு நாள் கேம்ப்

இந்த எபிசோடை வேப்பூர்ல, எங்க வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல லாரி ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க. சென்னை–திருச்சி ஹைவேயும் விருத்தாசலம் ரோடும் சேர்ற கூட்ரோடு பக்கத்துலதான் வீடு. நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஆட்டுச் சந்தை. விடியறதுக்கு முன்னாடியே சத்தம் ஆரம்பிச்சிடும், அதான் இன்னைக்கே பேசிடறேன்.

ஊருக்கு வந்ததுக்குக் காரணம் ஒரு ஃபோன் கால். என் சித்தி பொண்ணு விருத்தாசலத்துல பி.எஸ்சி. ரெண்டாவது வருஷம் படிக்கிறா. "அக்கா, என்.எஸ்.எஸ். கேம்ப்புக்குப் பேர் குடுத்திருக்கேன். ஏழு நாள் தங்கணும். அப்பா கையெழுத்து போட மாட்டேங்கிறார். நீ வந்து பேசு"ன்னா.

அதே வாரம் ஆபீஸ்ல ஒரு மீட்டிங். மத்தவங்க ஜாயின் பண்றதுக்கு முன்னாடி சும்மா பேசிட்டு இருந்தோம். அமெரிக்காவுல இருக்கிற என் டீம்மேட் வார இறுதியில 'சொரோரிட்டி' தோழிகளோட ஏதோ நிதி திரட்டற நிகழ்ச்சிக்குப் போறதா சொன்னாங்க. காலேஜ் முடிச்சு இருபது வருஷம் ஆச்சாம். இன்னும் 'சிஸ்டர்ஸ்'னுதான் சொல்றாங்க. எனக்கு சொரோரிட்டின்னா ஹாலிவுட் படத்துல வர்ற பெரிய வீடு, பார்ட்டி, அவ்வளவுதான். அப்புறம்தான் தேடிப் படிச்சேன்.

கமலா ஹாரிஸ் தெரியும்ல, நம்ம திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம் கோபாலனோட பேத்தி. அவங்க ஹோவர்ட் பல்கலைக்கழகத்துல படிக்கும்போது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாங்கிற சொரோரிட்டியில சேர்ந்தாங்க. 1908-ல அதே கேம்பஸ்ல கறுப்பின மாணவிகள் ஆரம்பிச்சது. டெல்டா சிக்மா தீட்டாவும் அங்கேயே 1913 ஜனவரியில 22 மாணவிகள் ஆரம்பிச்சது. அவங்க பொதுவெளிக்கு வந்த முதல் வேலையே அந்த மார்ச்ல வாஷிங்டன்ல நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலம். அதாவது பார்ட்டிக்கு முன்னாடியே அங்க சேவை இருந்திருக்கு. கெட்ட பக்கமும் உண்டு. சேர்றதுக்குக் காசு, இவ வேண்டாம்னு ஒதுக்கறது, புதுசா வர்றவங்களைப் படுத்தறது. நம்ம ஊர் ராகிங்தான். தமிழ்நாடு அதைத் தடுக்க 1997-லயே சட்டம் போட்டுடுச்சு.

சரி, நமக்கு இதுக்கு இணையா என்ன இருக்கு? எனக்குத் தெரிஞ்சு என்.எஸ்.எஸ். கேம்ப்தான். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24, காந்தி நூற்றாண்டு வருஷத்துல, 37 பல்கலைக்கழகங்கள்ல 40,000 மாணவர்களோட ஆரம்பிச்சது. ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் வேலை, அதோட ஒரு ஏழு நாள் சிறப்பு முகாம். பேட்ஜ்ல இருக்கிறது கோனார்க் கோயில் சக்கரம். நான் மூணு வருஷம் அதைக் குத்திட்டு இருந்தேன், ஆனா இந்த எபிசோடுக்காகப் படிச்சப்போதான் தெரிஞ்சுது.

உண்மையைச் சொல்லணும்னா நான் சேர்ந்தது சேவை பண்ண இல்ல. இன்ஜினியரிங் முதல் வருஷத்துல ஒரு ஃபாரம் வரும்: என்.எஸ்.எஸ்., என்.சி.சி., என்.எஸ்.ஓ., ஒய்.ஆர்.சி. ஏதாவது ஒண்ணுக்கு டிக் அடிக்கணும். என்.சி.சி.ன்னா காலையில ஓடணும்னு சீனியர் சொன்னாங்க. முடிஞ்சுது.

கேம்ப் ஒரு கிராமத்துல. அரசுப் பள்ளியில ஒரு வகுப்பறை, பெஞ்சை எல்லாம் ஒரு ஓரமா அடுக்கிட்டு ஒன்பது பொண்ணுங்க பாய் விரிச்சுப் படுத்தோம். காலையில தெரு கூட்டறது, வாய்க்கால் தூர் வாரறது, சீமைக் கருவேலம் வெட்டறது. மதியம் யாராவது வந்து டெங்கு பத்திப் பேசுவாங்க, நாங்க தூங்கி விழுவோம். மரக்கன்று வெச்சோம், ஃபோட்டோ எடுத்தோம். வேலி போடணும்னு யாருக்கும் தோணல. அடுத்த வருஷம் போய்ப் பார்த்தா ஒண்ணு கூட இல்ல, ஆடு மேஞ்சிருக்கு. ஆட்டுச் சந்தை ஊர்ல பிறந்த எனக்காவது தோணியிருக்க வேண்டாமா!

உருப்படியா நடந்த ஒரு வேலை சர்வே. ரெண்டு ரெண்டு பேரா வீடு வீடாப் போகணும். ஒரு பாட்டி, எங்க கேள்வி எதுக்கும் பதில் சொல்லாம, உள்ள போய் ஒரு மஞ்சப் பையைக் கொண்டு வந்து கொட்டிட்டாங்க. எல்லாம் முதியோர் உதவித்தொகை பேப்பர். அப்போ மாசம் 1,000 ரூபாய். "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க தாயி"ன்னாங்க. ரேஷன் கார்டுல ஒரு பேர், ஆதார்ல வேற பேர், அதனால திரும்பி வந்திருக்கு. நானும் என் ஜோடியும் மூணு நாள் அதுலயே உட்கார்ந்து, திருத்தத்துக்கு எழுதி, திரும்ப மனு போட வெச்சோம். பணம் வர ஆரம்பிச்சது அஞ்சு மாசம் கழிச்சு. ரிப்போர்ட்ல அது இல்ல. ரிப்போர்ட்ல மரக்கன்று எண்ணிக்கைதான் இருந்துச்சு.

ராத்திரி அந்த வகுப்பறையில பேசினதுதான் இன்னொரு விஷயம். அந்த ஒன்பது பேர்ல ஆறு பேருக்கு வீட்டை விட்டு வெளியே தங்கினது அதுதான் முதல் தடவை. டூர்னு கேட்டிருந்தா அனுப்பியிருக்க மாட்டாங்க. சேவைன்னு லெட்டர்ல இருந்ததால கையெழுத்து கிடைச்சுது. இது ஏமாத்து இல்ல, நம்ம ஊர்ல பொண்ணுங்க வெளியே வந்த வழியே பாதி இப்படித்தான். 1911-ல பி.ஏ. முடிச்ச சகோதரி சுப்பலட்சுமி, சின்ன வயசுலயே கணவனை இழந்த பெண்களை மெட்ராஸ் ஐஸ் ஹவுஸ்ல ஒண்ணாத் தங்க வெச்சுப் படிக்க வெச்சாங்க. டீச்சர் ஆகப் போறாங்க, நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுப்பாங்கங்கிறது வெளியே சொல்ற காரணம். உள்ளே அந்தப் பொண்ணுங்களுக்கு ஒரு வாழ்க்கை கிடைச்சுது.

எங்க ஒன்பது பேர்ல ஒருத்திக்கு ஃபைனல் இயர்ல படிப்பை நிறுத்திட்டுக் கல்யாணம்னு வீட்ல முடிவு பண்ணிட்டாங்க. அவ எங்க கேம்ப் வாட்ஸ்அப் குரூப்ல ஒரே வரி போட்டா. மறுநாள் எட்டு பேரும் பஸ் ஏறி அவ வீட்டுக்குப் போனோம். சண்டை எல்லாம் போடல. அவங்க அம்மா கையால சாப்பிட்டுட்டு, ஒவ்வொருத்தரா ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னோம்: இன்னும் ஒரே ஒரு செமஸ்டர்தான், கல்யாணத்தை அதுக்கு அப்புறம் வெச்சுக்கலாம். அவங்க அப்பா கடைசியில தலையை ஆட்டினார். இப்போ அவ கோயம்புத்தூர்ல வேலையில இருக்கா. கல்யாணமும் ஆச்சு, எட்டு பேரும் போனோம்.

இப்போ சித்தப்பா கதை. அவருக்கு விருத்தாசலத்துல ஒரு பீங்கான் யூனிட்ல சூளை பார்க்கிற வேலை. நான் இதையெல்லாம் அவர்கிட்ட சொல்லி முடிச்சேன். அவர் அமைதியாக் கேட்டுட்டு, "ஏன் பாப்பா, தெரு கூட்டறதுக்கு ஏழு நாள் வெளியூர் போகணுமா? நம்ம தெருவே அசிங்கமாத்தான் கிடக்கு"ன்னார். என்கிட்ட பதில் இல்ல. நியாயமான கேள்வி அது.

அடுப்படியிலேர்ந்து சித்தி குரல்: "நீங்க மாசத்துல பாதி ராத்திரி சூளைகிட்டதான் கிடக்கறீங்க. நான் ஒரு நாளாவது கேட்டேனா? அவ ஏழு நாள் போனா என்னவாம்?"

அரை மணி நேரம் அந்த வீட்ல டி.வி. மட்டும்தான் பேசுச்சு. அப்புறம் "பேனாவை எடு"ன்னார். ஒரு கண்டிஷன்: தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஃபோன் பண்ணணும்.

தங்கச்சி போயிட்டா. ரெண்டாவது நாள் எட்டு மணிக்கு அப்பாவுக்குப் பேசிட்டு, எட்டே காலுக்கு எனக்குப் பண்ணினா. "அக்கா, இது எங்க காலேஜ் தத்தெடுத்த ஊராம். போன வருஷமும் இங்கதான் கேம்ப். என்ன சர்வே எடுத்தாங்க, யாருக்கு என்ன பாக்கின்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. அந்த செட் பாஸாகிப் போயிட்டாங்க."

இதுதான் எனக்குக் கடுப்பு. ஆபீஸ்ல ஒருத்தர் டீம் மாறினாலே ரெண்டு வாரம் ஹேண்டோவர் குடுக்கறோம், எல்லாத்தையும் எழுதி வெக்கறோம். ஒரு ஊரையே தத்தெடுத்துட்டு, வருஷா வருஷம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கறோம். அந்த டீம்மேட்டோட சொரோரிட்டியில நான் பொறாமைப்பட்டது வீட்டைப் பார்த்து இல்ல, இருபது வருஷம் முன்னாடி வெளியே போனவங்களையும் இன்னைக்கு உள்ளே இருக்கிறவங்களுக்குத் தெரியும்ங்கிறதைப் பார்த்துத்தான்.

தங்கச்சிகிட்ட ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கச் சொன்னேன். வீட்டு நம்பர், யார் என்ன கேட்டாங்க, எந்த மனு எங்க நிக்குது. கடைசிப் பக்கத்துல அவளோட செட் எல்லாரோட நம்பரும். முடிஞ்சதும் ஜூனியர் பொண்ணு ஒருத்தி கையில குடுக்கணும், ஆபீஸ் பீரோவுல வைக்கக் கூடாது. "அங்க நோட்டு விக்கற கடை இருக்கா?"ன்னு கேட்டேன். "இல்லக்கா, அப்பா நாளைக்கு என்னைப் பார்க்க வரேன்னிருக்கார், வாங்கிட்டு வரச் சொல்றேன்"னா.

தினமும் ஃபோன்னுதான் கண்டிஷன், இது வேற. சரி, கீழ சித்தி கூப்பிடறாங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.